மெங்லௌ கிணற்றில் ஏறிய பன்னிரண்டு சென்டிமீட்டர்

மெங்லௌவில் தௌ ருய்லானுக்குக் கோபக்காரி என்று பெயர். அது சும்மா வந்த பெயர் இல்லை. கோழி திருட வந்தவனை மாவுருட்டும் கட்டையோடு மூன்று வயல் தாண்டித் துரத்தியவள் அவள். பருத்தி நிறுக்கும் தராசில் அவள் நின்றால் ஈரப் பருத்தியை யாரும் கொண்டு வரமாட்டார்கள். ஒருமுறை கொண்டு வந்த தன் சொந்த நாத்தனாரின் மூட்டையை எல்லோர் முன்னாலும் பிரித்துக் கொட்டியவள். கணவன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை, வசந்த விழாவுக்கு வருவான், பன்னிரண்டு நாள் இருப்பான், சண்டை போடாமல் போய்விடுவான். பாவம், சண்டை போட அவனுக்கு இடமே கிடைக்காது.

கிணற்றுக் காவலுக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். எழுபத்தாறாம் வருஷம் ஜூலையில் தாங்ஷான் நகரம் நிலநடுக்கத்தில் மண்ணோடு மண்ணாகப் போன பிறகு ஊருக்கு ஒரு கிணற்றுக்குக் காவல் போட்டார்கள். பூமி ஆடுவதற்கு முன் கிணற்று நீர் ஏறும், அல்லது இறங்கும், கலங்கும், குமிழ் விடும் என்றார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே, பருத்திக் காட்டோரம், நூற்றெழுபது மீட்டர் ஆழக் குழாய்க் கிணறு ஒன்று இருந்தது. மணல் அடைத்துப் பம்பு செத்துப்போனதால் யாரும் அதில் இறைப்பதில்லை. இறைக்காத கிணறுதான் பொய் சொல்லாது என்று மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். பொய் சொல்லாத கிணற்றுக்குப் பொய் சொல்லாத ஆள் வேண்டுமே. "நம்ம ருய்லான் ஒரு விரக்கடை கூட்டியும் எழுதமாட்டா, குறைச்சும் எழுதமாட்டா" என்று ஊர்ச் செயலாளர் கெங் ஷௌதியென் கைதூக்கிச் சொன்னார்.

ஐந்து நாள் வகுப்பு நடந்தது. ஒரு சுருள் ஒயர் கொடுத்தார்கள். நுனியில் ஈயக் குண்டு, மேல் முனையில் டார்ச் பல்பு. குண்டு தண்ணீரைத் தொட்டால் பல்பு எரியும். எரிந்த இடத்தில் ஒயரைக் கிள்ளிப் பிடித்து அளக்க வேண்டும். நாளைக்கு மூன்று தடவை. ஒரே நாளில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஏன் மாறும், வேறெதனாலும் மாறுமா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அந்த வருஷம் நவம்பரில் ஒரே நாளில் பதினொரு சென்டிமீட்டர் ஏறியது. ருய்லான் ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். கெங் தாம்பாள மணியை அடித்தார். ஊரே வெளியே வந்தது. கோடையில் நிலநடுக்கப் பயத்தில் கட்டிய கோரைப்பாய்க் குடிசைகள் களத்துமேட்டில் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்குள் சனங்களை அடைத்தார்கள்.

அவளுடைய ஓரகத்தி யின்ஹுவான் பிள்ளை பெற்று அன்றைக்கு ஒன்பதாம் நாள். பச்சை உடம்புக்காரி ஒரு மாதம் சூடு ஓடும் செங்கல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஜன்னல் காகிதத்தில் ஊசி ஓட்டை இருந்தாலும் பசை தடவி ஒட்டிவிடுவோம். தலைக்குத் துண்டு கட்டி, தினைக் கஞ்சியும் முட்டையும் கொடுத்து, காற்றென்ற பெயரே அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வோம். "நான் வரல, எனக்குப் பயமா இருக்கு" என்று யின்ஹுவான் அழுதாள். ருய்லான்தான் அதட்டினாள். "கூரை விழுந்தா பயப்படக்கூட நேரம் இருக்காதுடி!" என்று சொல்லி, பிள்ளையைத் தன் பஞ்சு மேலங்கிக்குள் திணித்துக்கொண்டு மழையில் முன்னால் நடந்தாள்.

மழை பனியானது. பாய்க் குடிசைக்குள் வாளித் தண்ணீர் உறைந்தது. ஒவ்வொரு குடிசையிலும் முக்காலி மேல் ஒரு சாராயப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தோம், பூமி அசைந்தால் விழட்டும் என்று. நான்கு நாளும் ஒரு பாட்டிலும் விழவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்கு இருமல் வந்தது. ஐந்தாம் நாள் அது போய்ச் சேர்ந்தது. பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அடுத்த மாதம் கம்யூன் கூட்டத்தில் ருய்லானை மேடையேற்றி, காகிதப் பூ குத்தி, எனாமல் குவளை ஒன்று கொடுத்தார்கள். 'விழிப்புக்குப் பாராட்டு' என்று சிவப்பில் எழுதியிருந்தது. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், வெட்கமில்லாமல். யின்ஹுவான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மடியிலேயே கிடந்தது. அந்தக் குவளையை ருய்லான் பன்றித் தொட்டிக்குத் தவிடு அள்ளப் போட்டாள். கெங் அதைப் பார்த்துவிட்டு, "கௌரவத்த இப்பிடியா வெப்பாங்க?" என்று கேட்டார். "பன்னியும் கொஞ்சம் விழிப்பா இருக்கட்டுமே" என்றாள் அவள்.

ஒரு விஷயம் மட்டும் அவள் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் புதைத்த அன்று வடகாற்று அடித்தது. அதே அன்று கிணறு பதினொரு சென்டிமீட்டரும் இறங்கி, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏன்? பூமிக்குக் கோபம் தணிந்துவிட்டதா? காற்று வந்ததும் தணிகிற கோபமா அது?

பிப்ரவரி தொடக்கத்தில் எட்டு லி, அதாவது நாலு கிலோமீட்டர், நடந்து கம்யூனின் வானிலைக் குடிலுக்குப் போனாள். அங்கே பாய் என்று ஒருவர், மூக்கொழுகும் தனிக்கட்டை, மழைமானியோடும் காற்றழுத்தமானியோடும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய தினக்குறிப்பை வாங்கித் தன் நோட்டோடு வைத்துப் பார்த்தாள். காற்றின் அழுத்தம் பத்துக் கோடு இறங்கிய நாளெல்லாம் கிணறு ஆறு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. அழுத்தம் ஏறிய நாளெல்லாம் கிணறு இறங்கியிருந்தது. தராசின் இரண்டு தட்டு மாதிரி.

"இதுல அதிசயம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் பாய். "காத்துக்கும் பாரம் இருக்கு. அந்தப் பாரத்துல பாதிக்கு மேல மண்ணு தன் முதுகுல தாங்கிக்கும். அடியில களிமண் மூடி போட்ட தண்ணிக்கு மிச்சந்தான் போய்ச் சேரும். ஆனா கிணத்து வாய் திறந்து கெடக்கே, அங்க தாங்குறதுக்கு முதுகு ஏது? மொத்தப் பாரமும் தண்ணி தலையிலயே உக்காரும். மழைக்கு முன்னால காத்து லேசாகும், வடகாத்து வந்தா மறுபடி கனமாகும். பாரம் குறைஞ்சா தண்ணி எந்திரிக்காம என்ன பண்ணும்?"

"இது மேல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒங்க கணக்கு போனதும் காத்துக் கணக்கக் கழிச்சிட்டுத்தான் பாப்பாங்க. கழிச்சு முடிக்க நாலஞ்சு நாள் ஆகும்."

நாலைந்து நாள்! அந்த நாலைந்து நாளில் ஒரு பிள்ளை பிறந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. வகுப்பில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? ருய்லான் அதே மாதம் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாவட்டத்துக்கே போனாள். சட்டைப்பையில் மூன்று பேனா குத்திய ஓர் இளைஞன் நோட்டைத் திறக்காமலே சொன்னான்: "பாக்குறது ஒங்க வேலை, தோழர். யோசிக்க நாங்க இருக்கோம்." அன்றைக்கு அவள் வீடு வரை திட்டிக்கொண்டே நடந்தாள். வழியில் ஒரு கழுதை பயந்து ஓடியது என்று சொல்வார்கள். நம்பலாம்.

பாய் தன்னிடமிருந்த பழைய வட்ட முள் காற்றழுத்தமானியை அவளுக்கு இரவல் கொடுத்தார். அதைக் கிணற்றுக் கொட்டகையில் மாட்டினாள். ஊர் அதற்குக் காத்துப்பெட்டி என்று பெயர் வைத்துக் கேலி பேசியது. கெங்கிடம் நான்கு தடவை விளக்கினாள். அவர் நான்கு தடவையும் தலையாட்டினார். அவ்வளவுதான். இவ்வளவையும் ஊரெல்லாம் சொன்னவள் யின்ஹுவானிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. யின்ஹுவானும் அவளோடு பேசுவதில்லை. ஒரே முற்றம், இரண்டு அடுப்பு, பதினோரு மாதம் ஒரு சொல் இல்லை.

எழுபத்தேழு நவம்பர் வந்தது. யின்ஹுவானுக்கு மறுபடி பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். அவள் கணவன் கால்வாய் வெட்டப் போயிருந்தான். காலை எட்டு மணிக்கு ருய்லான் ஒயரை இறக்கினாள். நேற்றைவிடப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலேயே பல்பு எரிந்தது. தலை நிமிர்ந்து முள்ளைப் பார்த்தாள். இருபது கோடு இறங்கியிருந்தது. பெருமூச்சு விட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே கெங் வந்துவிட்டார். கோழிகள் மரத்தில் ஏறிவிட்டன, பூமி ஆடப்போவதற்கு அது அறிகுறி என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள்.

"எவ்வளவு?"

"பன்னெண்டு. காத்து இருபது கோடு எறங்கியிருக்கு. இருபதுக்குப் பன்னெண்டு, சரியாப் போச்சு. மழைக் காத்துதாண்ணே, மண்ணுக்குள்ள ஒண்ணுமில்ல."

கெங் முகம் வெளுத்தது. "பத்துக்கு மேல போனா மணி அடிக்கணும்."

"நாளைக்குள்ள வடகாத்து வந்துடும். வந்ததும் தண்ணி எறங்கிடும். ஒரு நாள் பொறுங்க."

"ஒரு நாளா? தாங்ஷான் போறதுக்கு எத்தன நிமிஷம் ஆச்சு? என் தம்பிய இந்தக் கையால தோண்டி எடுத்தேன் நான். மழை நாள்ல பூமி ஆடாதுன்னு ஒன் காத்துப்பெட்டி எழுதிக் குடுத்திருக்கா?"

"எழுதிக் குடுக்கல. ஆனா காத்துக்கான பங்கக் கழிச்சா மிச்சம் ஒரு சென்டிமீட்டர் நின்னிருந்தாக்கூட நானே ஓடிவந்து மணிய அடிப்பேன். மிச்சம் ஒண்ணுமே நிக்கலயே!"

"ருய்லான், கேளு. தப்பா வெளிய கூட்டிட்டுப் போனா என்னத் திட்டுவாங்க. வாங்கிக்கிறேன். தப்பா உள்ள விட்டுட்டா, திட்டுறதுக்கு யாரு இருப்பா?"

அதுவரை அண்ணே என்றவள் அத்தோடு நிறுத்தினாள். "போன வருஷம் தப்பா வெளிய கூட்டிட்டுப் போனோமே செயலாளரே, அந்தப் புள்ள எப்படித் திட்டும்? அதுக்கு வாய் முளைச்சிருந்துச்சா?"

கெங் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு போய் மணியை அடித்தார். நல்ல மனிதர்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் ருய்லானுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவள் முற்றத்துக்கு ஓடிவந்தபோது ஊர்க்காவல் படைக்காரர்கள் இரண்டு பேர் கதவுப் பலகையைப் பாடை மாதிரி தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள், யின்ஹுவானை ஏற்றிப்போக. ருய்லான் அவர்களைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். யின்ஹுவான் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போகாத" என்றாள் ருய்லான்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு யின்ஹுவான் அவள் முகத்தைப் பார்த்தாள். "நகரு."

"இது வெறும் மழைக் காத்து. நோட்டுல எல்லாம் இருக்கு. நாளைக்கு எறங்கிடும்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. அத என் மூஞ்சிக்கு நீட்டாத. போன வருஷம் போன்னு சொன்ன. இந்த வருஷம் போகாதங்குற. எம் புள்ளைங்கள வெச்சு வெளையாட்டா காட்டுற?"

"வெளிய பனி கொட்டப்போவுது. பன்னெண்டு நாள் புள்ளடி!"

"தெரியும். போன தடவ ஒம்போது நாள் புள்ள. அதுவும் எனக்குத் தெரியும்." யின்ஹுவான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ருய்லானும் போட்டிருப்பாள். "ஒம் பொண்ணு எங்க?"

"பள்ளிக்கூடத்துத் திடல்ல. எல்லாப் புள்ளைங்களையும் அங்க உக்கார வெச்சிருக்காங்க."

"கூட்டிட்டு வா. இந்தக் கூரைக்குக் கீழ, எம் புள்ள பக்கத்துல படுக்க வையி. அப்புறம் பேசு."

ருய்லானின் நோட்டில் முப்பத்தொரு மழை இருந்தது. முப்பத்தொரு தடவையும் கணக்குப் பிசகவில்லை. ஊரையே எதிர்த்து நிற்க அது போதுமானதாக இருந்தது. ஆனால் மகள் ஷாவ்மானுக்கு ஏழு வயது. பால்பல் பாதி விழுந்த வாயோடு சிரிக்கிற பெண். தலைக்கு மேலே எல்ம் மர உத்திரம், அதன் மேல் மண்ணும் ஓடும். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தன் நோட்டின் மேல் இருந்த நம்பிக்கை போன இடம் தெரியவில்லை. கெங்குக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

திடலுக்குப் போனாள். "எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று மறித்த வாத்தியாரம்மாவைத் தாண்டி மகளின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வாசலில் மறித்த படைக்காரர்களுக்கு மாவுருட்டும் கட்டையைக் காட்டினாள். "பச்ச உடம்புக்காரி இருக்கிற அறையில ஆம்பள கால் வெச்சா, நிலநடுக்கம் எனக்கு வேணாம், நானே ஒங்கள ஆட்டிடுவேன்." அவர்கள் பலகையைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஷாவ்மானைக் கட்டிலில் ஏற்றி, பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். அடுப்பில் பருத்திக் குச்சியை முறித்துப் போட்டாள். யின்ஹுவான் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள்.

இரண்டு மணி அளவீடு தவறிப்போயிற்று, பதினாறு மாதத்தில் முதல் தடவையாக. கிணற்றுக்குப் போகக் கால் துறுதுறுத்தது. ஆனால் கதவைத் தாண்டினால் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் போனாள் என்று யின்ஹுவான் நினைப்பாளே. மழை பெய்தது, பிறகு பனி. உத்திரத்தில் எங்கேயாவது முறுக்குச் சத்தம் கேட்டால் ருய்லானின் கண் மேலே போகும். அது போவதை யின்ஹுவான் பார்ப்பாள். சாயங்காலம் கெங் ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஒன் பேர எழுதி மேல அனுப்பிட்டேன் ருய்லான், ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு ஒன்னுது!" என்று கத்தினார்.

"என் பேருக்குப் பக்கத்துல பன்னெண்டு சென்டிமீட்டர்னும் எழுதுங்க!" என்று இவளும் கத்தினாள். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. யின்ஹுவான் முறைத்தாள். ஷாவ்மான் பிள்ளையின் விரலை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றிரவு மூன்று பேரும் தூங்கவில்லை.

மறுநாள் மதியம் ஜன்னல் காகிதம் திடீரென்று உள்ளே உப்பியது. வடகாற்று. ஊரின் மேல் ஊளையிட்டுக்கொண்டு வந்து களத்துமேட்டுக் குடிசைகளில் நாலைந்தைப் பிய்த்து எறிந்தது. வேறு வழியில்லாமல் சனங்கள் பாயும் சட்டியுமாக வீடுகளுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். கெங் மணியடித்துத் தடுத்துப் பார்த்தார். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்களும் கேட்காத மாதிரி நடந்தார்கள்.

ருய்லான் ஓடினாள். முள் ஏறிக்கொண்டிருந்தது. ஒயரை இறக்கினாள். நேற்று பல்பு எரிந்த இடத்தில் எரியவில்லை. எட்டு சென்டிமீட்டர் கீழே போய்த்தான் எரிந்தது. பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டும் இறங்கிவிட்டது. கொட்டகையில் தனியாக நின்று சிரித்தாள். ஒரு வருஷத்தில் முதல் சிரிப்பு. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு காற்றை எதிர்த்து வீட்டுக்கு வந்தாள். கதவை ஒருக்களித்துத் திறந்து, உடனே சாத்தி, மூச்சிரைக்கச் சொன்னாள்:

"எறங்கிடுச்சு! பன்னெண்டும் எறங்கிடுச்சு. சொன்னேன்ல, வெறும் காத்துன்னு!"

யின்ஹுவான் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நன்றாக இருந்தது. கன்னம் சூட்டில் சிவந்து, வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூக்கத்தில் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஷாவ்மான் களைத்துப்போய் வாயைப் பிளந்து தூங்கினாள். யின்ஹுவான் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்போ, போன வருஷம் ஏறுனதும் இதே காத்துதானா?"

ருய்லானின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை மாதம் அவளிடம் மட்டும் சொல்லாமல் இருந்தாள். மண்ணுக்குள் ஏதோ நடந்தது, எப்படியோ நம்மை விட்டுவிட்டது என்று யின்ஹுவான் நம்பிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை எதற்கோ ஒன்றுக்காகப் போனதாகவாவது இருக்கும். இப்போது அதுவும் இல்லை. ஒரு விரக்கடை கூட்டிச் சொல்லவும் அவளுக்கு வராது, குறைத்துச் சொல்லவும் வராது.

"ஆமா" என்றாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பிப்ரவரியில."

யின்ஹுவான் பிள்ளையை மார்பிலிருந்து விலக்கிப் படுக்க வைத்தாள். போர்வையை இழுத்து அதன் கழுத்து வரை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ கிழிந்த பாயை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"ஒம் பொண்ணத் தூக்கிட்டுப் போ" என்றாள். "மெதுவாத் தூக்கு. எம் புள்ள முழிச்சிக்கும்."

ருய்லான் மெதுவாகத் தூக்கினாள்.